கணக்குக் காட்டும் தலைமை: கெடாத் தோட்டங்களின் கூட்டுறவு வரலாறும் வணிகத் தலைவர் உருவாக்கமும்

முன்னுரை

வணிகத் தலைவர்களை உருவாக்குவது வணிகக் கல்லூரிகளின் பணி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அண்மைப் பத்தாண்டுகளில் இவ்வெண்ணத்திற்கு மாற்றான ஒரு கருத்து மேலாண்மைத் துறையில் வலுப்பெற்றிருக்கிறது. நிறுவனங்கள் தம் இளம் மேலாளர்களை இலாப நோக்கற்ற அமைப்புகளோடு இணைந்து பணியாற்றச் செய்தால், வகுப்பறையில் கற்பிக்க இயலாத தலைமைப் பண்புகளை அவர்கள் பெறுவர் என்பதே அக்கருத்து.

இதைப் புதிதாக மேலைநாட்டிலிருந்து இறக்குமதியாகும் சரக்காகக் கொள்ள வேண்டியதில்லை. மலேசியத் தமிழர் வாழ்வில், குறிப்பாகக் கெடா மாநிலத் தோட்டப்புறங்களில், தொண்டமைப்புகளின் வழியாகத் தலைவர்கள் உருவான வரலாறு உண்டு; உருவாகாமல் போன வரலாறும் உண்டு. அவ்வரலாற்றைத் துணையாகக் கொண்டு, இன்றைய நிறுவன–தொண்டமைப்புக் கூட்டாண்மை எவ்வாறு அமைய வேண்டும் என்பதை நாம் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். கட்டளையிட முடியாதவர்களிடையே நின்று, அவர்கள் மொழியில் அவர்களுக்குக் கணக்குக் காட்டக் கடமைப்படும்போதுதான் தலைமை முதிர்ச்சி பெறுகிறது என்பது நமது கருத்து.

கருத்தின் பின்னணி

தலைமைப் பண்பு எங்கிருந்து வருகிறது என்னும் வினாவை அமெரிக்க ஆய்வாளர்களாகிய மக்கால், லொம்பார்டோ, மோரிசன் ஆகியோர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்தனர். உயர்நிலை மேலாளர்கள் தம் வளர்ச்சிக்குக் காரணமாகக் குறிப்பிட்டவற்றுள் பயிற்சி வகுப்புகளைவிடக் கடினமான பணிப்பொறுப்புகளே மேலோங்கி நின்றன. முன்பின் அறியாத சூழலில், போதிய அதிகாரமின்றி, விளைவுக்குப் பொறுப்பேற்று உழைத்த காலமே அவர்களை உருவாக்கியது என்பது அதன் சாரம்.

இதற்கு அடுத்த ஆண்டில், மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் இலாப நோக்கற்ற அமைப்புகளிடமிருந்து வணிக நிறுவனங்கள் கற்க வேண்டியவை பல உள்ளன என்று எழுதினார். ஊதியம் பெறாத தொண்டரை ஊதிய உயர்வு காட்டி ஈர்க்க இயலாது. பணிநீக்கம் செய்வேன் என்று அச்சுறுத்தவும் இயலாது. அவர் தங்கியிருப்பது அமைப்பின் குறிக்கோள்மீது கொண்ட பற்றினால்தான். அத்தகையோரை வழிநடத்தக் கற்றவர், அறிவுசார் பணியாளரையும் வழிநடத்த வல்லவராவார் என்பது டிரக்கரின் வாதம்.

பின்னாளில் பெருநிறுவனங்கள் இதனைத் திட்டமாகவே வகுத்துக்கொண்டன. ஐ.பி.எம். நிறுவனம் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய சேவைக் குழுத் திட்டம் இதற்குத் தக்க சான்று. பல நாடுகளைச் சேர்ந்த பணியாளர்கள் சிறு குழுக்களாக வளரும் நாடுகளுக்கு அனுப்பப்பட்டு, ஏறக்குறைய ஒரு மாத காலம் அங்குள்ள தொண்டு நிறுவனங்களோடும் அரசு அமைப்புகளோடும் பணியாற்றினர். நிறுவனம் இச்செலவை நன்கொடையாக மட்டும் கருதவில்லை. தலைமைப் பயிற்சிக்கான முதலீடாகவும் கருதியது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்துதல் நலம். நிறுவனம் பணம் கொடுத்துத் தொண்டமைப்பு பெற்றுக்கொள்வது ஈகை; அதில் தலைமைப் பயிற்சிக்கு இடமில்லை. இரு தரப்பும் ஒரு வேலையைப் பொதுவாக ஏற்று, அதன் வெற்றி தோல்விக்கு இரு தரப்பும் விடையளிக்கும் நிலையே கூட்டாண்மை. தமிழில் இவ்விரு சொற்களும் தெளிவாக வேறுபட்டு நிற்பினும், நடைமுறையில் நாம் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதன் பெயரைச் சூட்டிவிடுகிறோம்.

தமிழ் வணிக மரபில் ஒரு முன்மாதிரி

வணிகமும் பொதுப்பணியும் இணைந்து நிற்பது தமிழருக்கு அயலான செய்தியன்று. வணிகர்கள் தம் விற்பனையில் ஒரு சிறு கூறினை ஊர்ப் பொதுக்காரியத்திற்கென ஒதுக்கும் 'மகமை' என்னும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலமாக இருந்து வந்தது. விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் சமூகத்து வணிகர்கள் உறவின்முறை அமைப்புகளின் வழி மகமை திரட்டிக் கோயில்களையும் பள்ளிகளையும் நடத்தினர். 1910ஆம் ஆண்டில் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. அச்சமூகத்து வணிகரின் முயற்சியால் 1921ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் நாடார் வங்கி நிறுவப்பட்டது. அதுவே பின்னர்த் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாற்றம் பெற்றது.

மகமை முறையில் நாம் கவனிக்க வேண்டியது அதன் தொகையை அன்று, அதன் கணக்கை. பொதுப்பணத்தைக் கையாளும் பொறுப்பினை ஏற்ற வணிகர், தம் கடைக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்வதுபோல் அதனைப் பார்த்துவிட முடியாது. தமக்கு நிகரான பிற வணிகர்முன் அதனை வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் வினவினால் விடையிறுக்க வேண்டும். பொதுப்பணம் என்னும் பள்ளியில் பயின்ற கைகளே பின்னர்ப் பிறர் பணத்தை நம்பிக்கையோடு காக்கும் வங்கித் தொழிலுக்கும் துணிந்தன எனலாம்.

மலாயாவிற்குப் பால்மரம் சீவ வந்த தமிழர்களிடம் மகமை திரட்டும் அளவுக்குக் கையிருப்பு இல்லை. அவர்கள் வந்து சேர்ந்த தோட்டத்தில் வேறு வகையான தலைமை காத்திருந்தது.

கங்காணி: கட்டளைத் தலைமை

கெடாவின் தென்பகுதியில் சுங்கைப் பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்து இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்னும் படிநிலையே தோட்டத்தின் முழு உலகம். விடியற்காலைப் பெரட்டில் பெயர் வாசிக்கப்படுவதில் தொடங்கி, லயத்தில் யாருக்கு எந்த அறை என்பது வரை அப்படிநிலையே முடிவு செய்தது.

தமிழருள் தலைமை என்று காணத்தக்கவர் கங்காணி. அவர் தம் சொந்த ஊருக்குச் சென்று ஆள் சேர்த்து வந்தார். வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் தலைக்காசு பெற்றார். பயணத்திற்கும் பிற தேவைகளுக்கும் முன்பணம் கொடுத்ததால் தொழிலாளர் அவருக்குக் கடன்பட்டிருந்தனர். ஆள்களை நிருவகிக்கும் திறன் அவரிடம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் கணக்குக் காட்டியது மேலே இருந்த துரைக்கு. கீழே இருந்த தொழிலாளிக்கு அன்று. கடனேடு அவரிடம் இருந்தது. அதைப் படித்துப் பார்க்கும் எழுத்தறிவோ கேள்வி கேட்கும் உரிமையோ தொழிலாளியிடம் இல்லை. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரை உதவித்தொகையுடன் மலாயாவிற்கு அனுப்புவதைத் தடை செய்தபோது கங்காணிவழி ஆள்சேர்ப்பு முடிவுக்கு வந்தது. எனினும் கங்காணி மனப்பான்மை அவரோடு மறையவில்லை. மேலிடத்திற்குப் பணிந்து கீழிருப்போரை அதட்டும் மேலாளரை இன்றைய தொழிற்சாலைகளிலும் நாம் காண்கிறோம்.

தொண்டர் படை: உணர்ச்சித் தலைமை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கெடாத் தோட்டங்களில் முற்றிலும் மாறுபட்ட ஒரு தலைமை எழுந்தது. 1946–47ஆம் ஆண்டுகளில் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம்.சாமி என்பாரின் தலைமையில் தொண்டர் படை இயங்கியது. தோட்டத்து இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி பெற்றனர். கள்ளுக்கடை மறியல் அவர்களின் முதன்மைப் போராட்டம். கள் ஒழிந்தால் கூலி வீடு வந்து சேரும், கூலி வீடு வந்தால் குடும்பம் நிமிரும் என்னும் எளிய பொருளியல் அவ்வியக்கத்தின் அடித்தளமாக இருந்தது. 1947ஆம் ஆண்டில் காவல் துறையோடு ஏற்பட்ட மோதல்களில் உயிரிழப்பும் கைதுகளும் நிகழ, இயக்கம் ஒடுக்கப்பட்டது.

கங்காணிக்குப் பணிந்தே பழகிய மக்களிடையே, யாரும் நியமிக்காத, யாரும் ஊதியம் கொடுக்காத தலைவர்கள் ஓராண்டுக்குள் தோன்றினர் என்பது வியப்புக்குரியது. தலைமைத் திறன் தோட்டத்தில் இல்லாமல் இல்லை. அதற்கு இடமளிக்கும் அமைப்புத்தான் இல்லை என்பதைத் தொண்டர் படை மெய்ப்பித்தது. அதே வேளையில், உணர்ச்சியால் எழுந்த தலைமைக்கு நிலையான அமைப்பும் சட்டப் பாதுகாப்பும் பொதுநிதியும் அமையாவிடில் ஓர் அடக்குமுறையைத் தாங்கும் வலிமைகூட இராது என்பதையும் அவ்வியக்கத்தின் முடிவு உணர்த்துகிறது.

நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்: கணக்குக் காட்டும் தலைமை

1950களில் தோட்டத் தமிழரை வேறொரு நெருக்கடி சூழ்ந்தது. ஐரோப்பிய உரிமையாளர்கள் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்தனர். துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலை நிலைக்கவில்லை. வேலையோடு வீடும், வீட்டோடு பள்ளியும் கோயிலும் பறிபோயின. 1951 முதல் 1960 வரையிலான இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை அளித்தார். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் நாட்டின் கூட்டுறவு இயக்கத் தலைவராகவும் விளங்கியவர் அவரே என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இந்நெருக்கடிக்கு விடையாக 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சுங்கை சிப்புட்டில் இரப்பர்த் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் 1919ஆம் ஆண்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கியவர் அவர். தோட்ட உரிமையாளரின் மகன், தோட்டத் தொழிலாளரை உரிமையாளராக்க முனைந்தார் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

திட்டம் எளிமையானது. ஒரு பங்கின் விலை நூறு வெள்ளி. தொழிலாளி அதனை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். திரண்ட பணத்தைக் கொண்டு, துண்டாடலுக்கு இரையாகவிருக்கும் தோட்டங்களைச் சங்கமே வாங்கிவிடும். நாட்கூலி சில வெள்ளிகளாக இருந்த காலத்தில் மாதந்தோறும் பத்து வெள்ளி என்பது சிறு தொகையன்று. அப்பணத்தைக் கேட்டுச் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்றார். சங்கம் முதன்முதலாக 1961ஆம் ஆண்டில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமாகும்.

கூட்டுறவுச் சங்கம் முழுப் பொருளில் இலாப நோக்கற்ற அமைப்பன்று. அது உறுப்பினர்க்கு இலாப ஈவு வழங்குகிறது. ஆயினும் அதன் நோக்கம் முதலைப் பெருக்குவதினும் உறுப்பினர்க்குப் பணியாற்றுவதாகும். எத்தனை பங்கு வைத்திருப்பினும் உறுப்பினர் ஒருவர்க்கு ஒரு வாக்கு என்பது அனைத்துலகக் கூட்டுறவு நெறி. உறுப்பினர்க்குக் கல்வியும் பயிற்சியும் அளிப்பது, சுற்றியுள்ள சமூகத்தின்பால் அக்கறை கொள்வது ஆகியவற்றை அனைத்துலகக் கூட்டுறவுக் கூட்டிணைவு 1995ஆம் ஆண்டில் வகுத்த ஏழு நெறிகளும் உள்ளடக்குகின்றன. ஆகவே வணிகத்திற்கும் தொண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் நிற்பது கூட்டுறவு. நமது ஆய்வுக்கு அதுவே பொருத்தமான நிலம்.

அந்நிலத்தில் தலைவர் எதைக் கற்றார்? முதலாவதாக, விளக்கக் கற்றார். பங்கு, பங்கு ஈவு, பொதுக்கூட்டம், தணிக்கை போன்ற கருத்துகளைப் பால்மரம் சீவுவோரிடம் அவர்களுக்குப் புரியும் தமிழில் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. புரியாதவர் பத்து வெள்ளி கொடுக்க மாட்டார். இரண்டாவதாக, ஐயத்தைத் தாங்கக் கற்றார். ஏமாந்து பழகிய மக்கள் பணம் எங்கே போகிறது என்று கேட்கத்தான் செய்வர். மூன்றாவதாக, காத்திருக்கக் கற்றார். மாதத் தவணையாய்ச் சேர்ந்த பணத்தில்தான் தோட்டம் வாங்க முடியும். அவசரப்பட்டால் அமைப்பே சரியும். இம்மூன்றும் எந்த வணிகத் தலைவர்க்கும் அடிப்படையானவை. இம்மூன்றும் கங்காணிக்குத் தேவைப்படாதவை.

சம்பந்தன் 1979ஆம் ஆண்டில் மறைந்த பின்னரும் சங்கம் நின்றது. அவர்தம் துணைவியார் தோபுவான் உமா சம்பந்தன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பின்னர்த் தலைமை வகித்த டான்ஸ்ரீ கே.ஆர்.சோமசுந்தரம் வணிக நிருவாகத்தோடு தமிழ் இலக்கிய வளர்ச்சியையும் இணைத்துச் சென்றதனைத் தமிழாசிரியர்கள் நன்கறிவர். டான்ஸ்ரீ சோமா மொழி இலக்கிய அறவாரியம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொண்டர் படைக்குக் கிட்டாத தொடர்ச்சி கூட்டுறவுக்குக் கிட்டியமைக்கு அதன் சட்ட அமைப்பும் முறையான கணக்கும் முதன்மைக் காரணங்கள்.

இச்சாதனையின் எல்லையையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். சங்கத்தின் தோட்டங்கள் வழக்கமான தோட்ட நிருவாக முறையிலேயே நடத்தப்பட்டன. தொழிலாளி பங்குதாரராக ஆனபோதிலும் விடியற்காலையில் அவர் தொழிலாளியாகவே பெரட்டுக்குச் சென்றார். நாடு முழுவதும் பரந்துகிடந்த உறுப்பினர்களுள் பெரும்பாலோர்க்கு உரிமை என்பது ஆண்டுக் கூட்டத்தோடும் ஈவுத் தொகையோடும் நின்றது. மேல்மட்டத்தில் ஆற்றல் மிக்க தலைவர்கள் உருவாயினர். லயத்திலிருந்து அத்தகைய தலைவர்கள் வரிசையாக எழவில்லை. உரிமை பரவலான அளவுக்குப் பொறுப்பு பரவலாகாமையே இதற்குக் காரணம் என்று நாம் கருதுகிறோம். இக்குறையே இன்றைய கூட்டாண்மைகளுக்கு மிகப் பயனுள்ள பாடமாகும்.

இன்றைய கெடா

இன்று தென்கெடாவின் தோற்றம் மாறிவிட்டது. இரப்பர் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் கொடுத்தது. செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளுக்கு இடம் கொடுத்தது. 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இண்டெல், இன்பினியோன் போன்ற பன்னாட்டு நிறுவனங்கள் ஆலை அமைத்துள்ளன. செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. தோட்டத்துப் பிள்ளைகளுள் பலர் பொறியாளர்களாகவும் கணக்காய்வாளர்களாகவும் குழுத் தலைவர்களாகவும் உயர்ந்துள்ளனர்.

மறுபுறம், தோட்டம் விட்டுச்சென்ற அமைப்புகள் அவ்விடத்திலேயே நிற்கின்றன. கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அரசின் பகுதி உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி மேலாளர் வாரியமும், எல்லாப் பள்ளிகளிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் செயல்பட வேண்டும். சட்டப்படி பதிவுபெற்ற கோயில் நிருவாகங்களும் இளைஞர் அமைப்புகளும் ஆண்டுதோறும் பொதுக்கூட்டம் கூட்டிக் கணக்கறிக்கை அளிக்கக் கடமைப்பட்டவை. இவற்றை நடத்தும் கைகள் முதுமையடைந்து வருகின்றன. கணக்கும் திட்டமிடலும் அறிந்த இளையோர் பத்துக் கல் தொலைவில் தொழிற்சாலையில் உள்ளனர். கணக்கறிக்கை எழுத ஆளின்றி அமைப்புகள் இங்கே தவிக்கின்றன. கூட்டாண்மைக்கு இதனினும் இயல்பான களம் வேறில்லை.

ஆனால் நடைமுறையில் நாம் காண்பது பெரும்பாலும் தீபாவளிக்கு முன் ஒரு நாள் வருகை. சீருடையணிந்த குழு வந்து சுவருக்குச் சாயம் பூசும், அன்பளிப்புப் பொட்டலம் வழங்கும், பதாகையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும், மாலைக்குள் திரும்பிவிடும். மலேசியப் பங்குச் சந்தை 2006ஆம் ஆண்டில் நிறுவனச் சமூகப் பொறுப்புக்கான வழிகாட்டியை வெளியிட்ட பிறகு, பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் இத்தகைய பணிகளை ஆண்டறிக்கையில் எழுதத் தொடங்கின. அறிக்கையில் எழுதத்தக்க வேலை எது என்பதே தெரிவுக்கு அளவுகோலாகிவிட்டால், சாயமே எளிதில் வெல்லும். சாயம் பூசுவதால் சுவர் அழகு பெறும். பூசியவரிடம் தலைமை வளர்வதில்லை.

நாம் கண்ட ஒரு முயற்சி

சில ஆண்டுகளுக்கு முன், கோல மூடா மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நாம் பங்குகொண்ட ஒரு சிறு முயற்சியை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். தோட்டம் விற்கப்பட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தமையால், மாணவர்கள் வேனில் வந்து செல்ல வேண்டியிருந்தது. வேன் கட்டணத்திற்குப் பெற்றோர் மாதந்தோறும் பணம் செலுத்தினர். தொகை போதாமல் வேன் அடிக்கடி நின்றது. அருகிலிருந்த தொழிற்சாலையின் குழுத் தலைவராகிய ஓர் இளம் பெண் பொறியாளர் அக்கணக்கைச் சீர்செய்யும் பொறுப்பினை ஏற்றார்.

அவர் கணினியில் அழகிய அட்டவணை ஒன்றை ஆங்கிலத்தில் உருவாக்கிக் கூட்டத்தில் வழங்கினார். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதனை ஒப்புதல் என்று அவர் எண்ணினார். நாமும் அவ்வாறே எண்ணினோம். அடுத்த மாதம் கட்டணம் செலுத்தியோர் எண்ணிக்கை முன்னினும் குறைந்தது. அதற்கடுத்த கூட்டத்தில், பேரனைப் பள்ளிக்கு அனுப்பும், பால்மரம் சீவி ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் எழுந்து, "ஏம்மா, இந்தக் கணக்க யாருக்காக எழுதினீங்க?" என்று கேட்டார். அவ்வினாவில் சினம் இல்லை. ஆனால் அதற்கு அரங்கில் இருந்த எவரிடமும் விடை இல்லை. அட்டவணை பொறியாளரின் மேலாளர்க்குப் புரியும் வகையில் எழுதப்பட்டிருந்தது. துரைக்குக் கணக்கெழுதிய பழைய வழக்கத்தின் மறுபிறப்பாக அது அமைந்துவிட்டதை நாம் அப்பொழுதுதான் உணர்ந்தோம்.

மறுவாரம் மணிலா அட்டையில், தமிழில், பெரிய எழுத்தில் வரவும் செலவும் எழுதப்பட்டு வேன் நிற்கும் இடத்தில் தொங்கவிடப்பட்டது. கேள்விகள் வந்தன, சில கடுமையாகவே வந்தன. எண்ணெய்ச் செலவு ஏன் கூடியது, பள்ளி விடுமுறையில் ஏன் முழுக் கட்டணம் என்றெல்லாம் கேட்டனர். பொறியாளர் ஒவ்வொன்றுக்கும் விடையளித்தார். விடையில்லாதபோது ஓட்டுநரோடு பேசிக் கட்டணத்தைத் திருத்தினார். கட்டணம் சேர்ந்தது, வேன் ஓடியது. தொழிற்சாலையில் தமக்குக் கீழுள்ளோர் அமைதியாக இருப்பதை உடன்பாடென்று இனிக் கொள்வதில்லை என்று அவர் பின்னர் நம்மிடம் கூறினார். எந்தப் பயிற்சி வகுப்பும் அவருக்குக் கற்பித்திராத பாடம் அது.

ஆயினும் இம்முயற்சி முழு வெற்றி பெறவில்லை. பொறியாளர் வேறு மாநிலத்திற்குப் பணிமாற்றம் பெற்றபோது அட்டையை எழுத ஆளில்லை. பெற்றோருள் ஒருவரைத் தொடக்கத்திலேயே அவரோடு சேர்த்துப் பழக்கியிருக்க வேண்டும். திட்டத்தை வகுத்த நாம் அதனைச் செய்யத் தவறினோம். ஒரு தலைவர் வளர்ந்தார், அமைப்பு வளரவில்லை. மேலே உரிமையும் கீழே பொறுப்பின்மையும் என்று நாம் கூட்டுறவுச் சங்கத்தின்மீது கூறிய குறை நம் சிறு திட்டத்திலும் நிகழ்ந்தது.

கூட்டாண்மைக்கு வேண்டிய நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு நெறிகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, பணி உண்மையானதாக இருத்தல் வேண்டும். நிறுவனத்திலிருந்து வருவோர்க்கென்று செயற்கையாக ஒரு வேலையை உருவாக்குதல் கூடாது. அவர் தவறினால் யாரோ ஒருவர் பாதிக்கப்படுவார் என்னும் நிலையில்தான் பொறுப்புணர்வு பிறக்கும். அதே காரணத்தால், தவற்றைத் தாங்கும் அளவு சிறிய பணியிலிருந்து தொடங்குதல் வேண்டும். பயிற்சிக்காக மாணவர் வாழ்வைப் பணயம் வைத்தலாகாது.

இரண்டாவது, காலம் நீண்டதாக இருத்தல் வேண்டும். ஒரு நாள் வருகையால் உறவு மலராது. பொதுக்கூட்டம் ஒன்றிலிருந்து மறு பொதுக்கூட்டம் வரையேனும் பணி நீடித்தால்தான், தொடங்கியவரே கணக்கையும் வாசிக்க நேரும்.

மூன்றாவது, ஒவ்வொரு நிறுவனப் பணியாளருடனும் உள்ளூரைச் சேர்ந்த ஒருவர் இணைந்து பணியாற்றுதல் வேண்டும். முன்னவர் கணக்கியலையும் திட்டமிடலையும் கற்பிப்பார். பின்னவர் மக்களையும் இடத்தையும் கற்பிப்பார். முன்னவர் விலகும்போது பின்னவர் நிற்பார். தொண்டமைப்பு பயிற்சிக்களமாக மட்டும் பயன்பட்டுத் தேய்ந்துபோகாமல் இருக்க இதுவே காப்பு.

நான்காவது, கணக்கும் கூட்டக் குறிப்பும் மக்கள் மொழியில் இருத்தல் வேண்டும். இந்நெறியை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம், அது தமிழாசிரியர்களையும் நம் துறையினையும் நேரடியாகச் சார்ந்தது. தமிழை இலக்கியத்திற்கும் வழிபாட்டிற்கும் உரிய மொழியாக நாம் பேணி வந்துள்ளோம். வரவு செலவு அறிக்கை எழுதவும், கூட்டக் குறிப்பு வரையவும், நிதி விண்ணப்பத்தை விளக்கவும் தமிழைப் பயன்படுத்தும் பயிற்சியை மாணவர்க்கு நாம் போதிய அளவில் அளிக்கவில்லை. தணிக்கையாளர்க்கும் அரசு அலுவலகத்திற்கும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அறிக்கை வேண்டியிருக்கும் என்பது உண்மையே. அவ்வறிக்கைக்கு இணையாகத் தமிழில் ஒரு தாள் இல்லாவிடில், கேள்வி கேட்க வேண்டியவர் வாய்மூடி இருப்பார்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இவ்வகையில் சிறந்த பாலமாக விளங்க முடியும். பெற்றோரின் பேச்சும் பொறியாளரின் கலைச்சொல்லும் அறிந்தவர் அவர். பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள் விடுமுறைக் காலங்களில் இத்தகைய அமைப்புகளின் கூட்டக் குறிப்புகளை எழுதும் பணியை ஏற்பின், அவர்களும் தலைமைக்குரிய முதற்பாடத்தைக் கற்பர்.

முடிவுரை

கெடாத் தோட்டங்களின் வரலாறு நமக்கு மூவகைத் தலைமைகளைக் காட்டுகிறது. கங்காணி மேலிடத்திற்குக் கணக்குக் காட்டினார். தொண்டர் படை மக்களை எழுப்பியது. எழுந்தவர்களைத் தாங்கி நிறுத்தும் அமைப்பை உருவாக்க அதற்குக் காலம் வாய்க்கவில்லை. நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பத்து வெள்ளி கொடுத்தவர்க்கெல்லாம் விடையளிக்க வேண்டிய தலைமையைத் தோற்றுவித்தது; அதனாலேயே புக்கிட் சிடிமில் தொடங்கிய அதன் பயணம் தலைமுறை கடந்தும் தொடர்ந்தது.

திருவள்ளுவர் ஒப்புரவறிதலை ஈகைக்கு முந்திய தனி அதிகாரமாக வைத்திருப்பது எண்ணத்தக்கது. கொடுத்தல் வேறு, ஊரோடு பொருந்தி வாழ அறிதல் வேறு. நிறுவனங்கள் தொண்டமைப்புகளை நாடி வரும்போது, ஈகையோடு நின்றுவிடாமல் ஒப்புரவைக் கற்கும் வாய்ப்பினை நாம் அவர்களுக்கு அளிக்க வேண்டும். தொண்டமைப்புகளும் பொட்டலத்தை மட்டும் பெற்றுக்கொண்டு நன்றியுரை கூறும் பழக்கத்தை விடுத்து, ஆளையும் காலத்தையும் பொறுப்பையும் கேட்டுப் பெறத் துணிய வேண்டும். அடுத்த தலைமுறையில் நம் பள்ளிகளையும் கோயில்களையும் சங்கங்களையும் யார் நடத்துவார் என்னும் வினாவுக்கு விடை அங்கிருந்துதான் வரக்கூடும். அந்த மூதாட்டியின் கேள்விக்கு விடையளிக்கத் தெரிந்தவரே தலைவர். அவ்விடையை அவருக்குப் புரியும் மொழியில் எழுதக் கற்பிப்பது தமிழாசிரியராகிய நம் கடமை.